ஒரு பாகம் கம்பி

பக்கீருக்குக் காது மந்தமாகிறது என்பதை அவரைத் தவிர மற்ற எல்லோரும் தெரிந்துகொண்ட இடம் கிண்ணியாவில் ஒரு கல்யாண வீடு. ஒலிபெருக்கி கட்டியவர் அவர்தான். மாப்பிள்ளை வாகனத்தில் வந்து இறங்கிய நேரம், யாரோ ஒலிவாங்கியைத் தூக்கி ஸ்பீக்கருக்கு நேரே திருப்பிவிட்டார்கள். ஸ்பீக்கரில் வருகிற சத்தம் திரும்பவும் ஒலிவாங்கிக்குள் போய், பெருகி, மறுபடி வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காதைத் துளைக்கிற கீச்சு. பிள்ளைகள் அழுதார்கள், பெண்கள் காதைப் பொத்தினார்கள். பக்கீர் மட்டும் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பக்கீர் நானா, நூருங்கோ, நிப்பாட்டுங்கோ! காது கிழியுது!"

"என்னத்த நூர? நான் இன்னும் ஒண்டும் போடல்லையே!"

அன்று நான் அங்கே இருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

பக்கீரை எனக்கு நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும். நான் திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லில் இருப்பவன். மழையையும் காற்றையும் அளந்து பதிகிற அரசாங்க வேலையில் இருந்தபோது, எங்கள் கந்தோர் வானொலி பழுதானால் அவரிடம்தான் கொண்டுபோவோம். பாலம் வருவதற்கு முன்னர், 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி இறங்கிக் கிண்ணியாவுக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. அவருடைய கடையில் ஒரேயொரு கதிரை இருந்தது. அது வருகிறவர்களுக்கு. அவர் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. ஈயம் உருக்கி ஒட்டுவதும் நின்றபடி, தேநீர் குடிப்பதும் நடந்தபடி. கதைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய் வீதியைப் பார்த்துவிட்டு வருவார். "என்னத்தைப் பார்க்கிறீர் ஐசே?" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியா ஐசே. ஏதோ ஒண்டு வரப்போகுது மாதிரி இரிக்கும்" என்றார்.

கல்யாண வீட்டுக்குப் பிறகு அவரைக் காது டொக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். டொக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் மேடாக இருந்த கோடு, வலப்பக்கம் போகப்போகப் பள்ளத்தில் விழுந்தது. சத்தம் என்பது காற்றின் நடுக்கம். ஆணின் குரல் நொடிக்கு நூறு தடவையளவில் நடுங்கும். குருவியின் சத்தமும், நாங்கள் 'ஸ்' என்றும் 'ஷ்' என்றும் சொல்கிற காற்றுச் சத்தமும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் நடுங்கும். காதுக்குள் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. கிரீச்சென்ற மேல்சத்தங்களை வாங்குகிற நுண்மயிர்கள் அதன் வாசலில் இருக்கின்றன, கனத்த கீழ்ச்சத்தங்களை வாங்குபவை உள்ளே ஆழத்தில். வாசல் மயிர்கள்தான் முதலில் அழியும். அழிந்தது திரும்ப முளைக்காது.

"இவ்வளவு காலமும் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழ நிண்டிருக்கிறீங்கள்" என்றார் டொக்டர். "கீழ்ச்சத்தமும் மெல்ல மெல்லக் குறையும்."

காதுக்கருவி ஒன்று எழுதிக் கொடுத்தார். வாங்கிய கிழமையே பக்கீர் அதைக் கழற்றிப் பார்த்தார். பிறகு அது வேலை செய்யவில்லை.

பெட்டி கிடைத்தது இதற்குப் பிறகுதான். அதன் கதையை அவருடைய ராத்தா, மூத்த சகோதரி றஹ்மா, எனக்குச் சொன்னார். எழுதுமுன் திரும்பவும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

அவர்களுடைய வாப்பா, வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் வானொலி திருத்தும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு அதிகாரி தன்னுடைய ஒலிப்பதிவுப் பெட்டியைத் திருத்தக் கொடுத்திருக்கிறார். நாடா இல்லை, கம்பி. தலைமயிரளவு மெல்லிய, கறள் பிடிக்காத உருக்குக் கம்பி ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்கு ஓடும். இடையில் ஒரு காந்தத்தின் பிளவைத் தொட்டுக்கொண்டு போகும். குரல் மின்சாரமாகி, மின்சாரம் காந்தமாகி, கம்பியில் படிந்துவிடும். மெழுகு உருளையில் ஊசியால் கீறிச் சத்தத்தைப் பிடித்து இருபது வருடங்களுக்குள், டென்மார்க்கில் ஒருவர் கீறலே இல்லாமல் கம்பியில் பிடித்துக் காட்டியிருந்தார். அதன் பிறகு நெடுங்காலம் கழித்துத்தான் அது வீட்டுப் பெட்டியாக வந்தது. பிளாஸ்டிக் நாடா வந்ததும் கம்பி ஒழிந்தது.

பட்டறையில் திருத்திய பெட்டியை வாப்பா ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் குரலைப் பிடித்தார். அப்போது றஹ்மாவுக்கு ஏழு வயது, பக்கீர் கைக்குழந்தை. மழைக்காலம் முடியுமுன் உம்மா காய்ச்சலில் காலமானார். இடம்மாறிப் போன அதிகாரி பெட்டியை வாப்பாவுக்கே கொடுத்துவிட்டார். வாப்பா சில காலம் அதைப் போட்டுக் கேட்டார். பெட்டி பழுதானது, மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை, அலுமாரிக்கு மேலே ஏறியது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்ததோடு அதுவும் தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். உம்மாவுக்குப் புகைப்படம் கிடையாது. பக்கீருக்கு உம்மாவைப் பற்றி எதுவும் ஞாபகமில்லை.

போன வருடம் றஹ்மாவின் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றினார்கள். கூரைக்கடிப் பறணில் பெட்டி இருந்தது; வாப்பா எப்போதோ ஏற்றி வைத்திருக்க வேண்டும். எடுத்தது றஹ்மாவின் மகன் றம்ஸான், மீன்பிடிப்பவன். றஹ்மா அப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருந்ததால், பெட்டி என்னவென்று சொல்ல ஆளில்லை. அவர் திரும்பி வந்து பெட்டியைக் கண்டு சத்தம் போட்ட பிறகுதான் பக்கீருக்குச் செய்தி போனது. அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்:

"ஐசே, உடன வாரும். உம்மா கிடைச்சிட்டா."

அன்றிலிருந்து அவர் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. றஹ்மாவின் வீட்டில் வைத்தே பெட்டியின் வால்வுகளை ஒதுக்கிவிட்டுத் தன்னுடைய அம்பிளிபயரில் இணைத்தார். றப்பர் சக்கரத்தைச் சைக்கிள் டியூப்பில் வெட்டிப் போட்டார். பெட்டியிலேயே மாட்டியிருந்த உருளையை ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைக்காரன் ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். எழுபது வருடப் பழைய கம்பி, ஓட்டுக்குக் கீழே வெந்தது, நேற்றுப் பேசியதுபோல் பேசியது. நான் கைதட்டிவிட்டேன்.

"இது பரிசோதனைக் கம்பி" என்றார் பக்கீர். "உம்மாட கம்பி தகரப் பேணிக்குள்ள இருந்ததெண்டு ராத்தா சொல்றா. றம்ஸான்! அந்தப் பேணி எங்கடா?"

றம்ஸான் குசினி வாசலில் நின்றான். நாற்பது வயது ஆள், எட்டு வயதுப் பிள்ளைபோல் நின்றான்.

"பேணி இரிக்கு மாமா."

"உள்ளுக்கு ஒரு உருளை இருந்திச்சே, கம்பி சுத்தினது?"

"ஓம். நல்ல கம்பி. கறளே பிடிக்காது."

"எங்க அது?"

"அது… அறுக்குளாவுக்கு முறுக்கிட்டன் மாமா."

வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அறுக்குளா மீனின் பல் கத்தி மாதிரி. தங்கூசி, அதாவது நைலோன் நூல், எவ்வளவு தடிப்பமாக இருந்தாலும் கடித்து அறுத்துவிடும். அதனால் தூண்டிலுக்கும் தங்கூசிக்கும் இடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி கட்டுவார்கள். கறள் பிடிக்காத மெல்லிய கம்பி ஒரு உருளை கிடைத்தால் எங்கள் கரையில் எந்த மீன்காரனும் அதையேதான் செய்திருப்பான். ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளம், அவிழ்த்து, மூன்று தரம் மடித்து, எட்டு இழையாக முறுக்கினால் ஒரு சாண் கம்பி.

"முழுக்கவா?"

"இல்ல. கொஞ்சம் முறுக்கின பிறகு மிச்சம் சிக்காகிட்டு மாமா, அவிழ்க்க ஏலாமப் போச்சு. தலைமயிரைவிட மோசம். அதைக் கடல்ல போட்டுட்டன். முறுக்கினதிலயும் முக்காவாசிய மீன் கொண்டு போயிட்டு."

றஹ்மா கையிலிருந்த விசிறியால் மகனின் முதுகில் அடித்தார். "டேய் ஹராங்குட்டி, என்ட உம்மாவையாடா மீனுக்குப் போட்ட?"

பக்கீர் வெளியே போனார். வீதியைப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். "வாப்பா எனக்கெண்டு வெச்ச ஒரே சாமான்" என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு என்னிடம் வந்து, "ஐசே, எனக்கு உம்மாட குரல் தெரியா. இந்தக் காது பூட்டுறதுக்கிடையில ஒருக்காக் கேட்டிரோணும். ஒரு சொல்லு போதும்" என்றார்.

றம்ஸானின் தூண்டில் பெட்டியைக் கொட்டித் தேடினோம். முறுக்கிய கம்பி மூன்று இருந்தன.

அந்தப் பெட்டியில் கம்பி நொடிக்கு இரண்டடி ஓடும். ஒரு பாகம் ஆறடி. அப்படியானால் ஒவ்வொரு கம்பியிலும் உம்மா மூன்று நொடி இருக்கிறார். இதை நான் சொன்னபோது பக்கீர் ஒரு கம்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். சாண் நீளம், நுனியில் தூண்டில், தூண்டிலில் காய்ந்த சூடை மீன் செதில்.

அவிழ்க்கிற வேலைக்கு அவர் கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு அது விநோதமாக இருந்தது. பெருக்காடியைக் கண்ணில் மாட்டி, இழை இழையாகப் பிரித்தார். இடையிடையே கால் நடுங்கும், மேசையும் நடுங்கும். "காலைப் பிடி றம்ஸான்" என்பார், அவன் உண்மையாகவே குனிந்து பிடித்துக்கொள்வான். பிரித்த கம்பி மடிந்த இடங்களில் நெளிந்து கிடந்தது. அதை வெள்ளைக்காரன் எண்ணிய கம்பியின் நடுவில் முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். ஒட்டினால் பிடிக்காது. முடிச்சும் பருமனாக இருந்தால் காந்தப் பிளவில் சிக்கி அறுந்துவிடும். அந்த முடிச்சு றம்ஸானின் வேலை. நகத்தால் தள்ளி, பல்லால் இழுத்து, மிச்சத்தை ஒட்ட நறுக்கினான். விரலால் தடவினால் முடிச்சு இருப்பது தெரியாது.

முதல் கம்பி ஓடியது. வெள்ளைக்காரன் எண்ணினான், நடுவில் 'டக்' என்றது, பிறகு யாரோ என்னவோ மொழியில் உறிஞ்சி உறிஞ்சிப் பேசினார்கள்.

"இது ஆரு, ஜின்னா?" என்றார் றஹ்மா.

"உம்மாக்கு மலாய் தெரியுமா ராத்தா?" என்று பக்கீர் ஆவலோடு கேட்டார்.

"உம்மாக்குக் கிண்ணியாவே முழுக்கத் தெரியா. மலாயாம்!"

கம்பியைத் தலைகீழாகக் கட்டியிருந்தோம். சத்தம் பின்னாலிருந்து முன்னே ஓடியிருந்தது. எந்த முனை முதல் முனை என்று எப்படித் தெரியும்? றம்ஸான்தான் சொன்னான். உருளையிலிருந்து இழுக்கும்போது வழுகாமலிருக்க முதல் முனையில் ஒரு சிறு முடிச்சுப் போட்டு அதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் மடிப்பானாம். எப்போதும் அப்படித்தானாம். பெருக்காடியில் பார்த்தோம், முடிச்சு இருந்தது. திருப்பிக் கட்டினோம்.

ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். காகம் கத்தியது. "கதை, கதை, ஓடுது" என்றார் அந்த ஆண். றஹ்மா, "வாப்பா" என்றார்.

இரண்டாவது கம்பியில் காகமும் ஒரு வாளி விழுகிற சத்தமும் மட்டும்.

மூன்றாவதில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அழுகை தணிய, அதன் மேல் மெல்ல, மூச்சோடு மூச்சாக, ஒரு 'ஷ்… ஷ்…' வந்தது. கம்பி முடிந்து வெள்ளைக்காரன் ஏழு என்றான்.

றஹ்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். றம்ஸான் நிலத்தைப் பார்த்தான். பக்கீர் எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன? ஒரு பிள்ளை அழுகுது. பிறகு ஒண்டுமில்லையே?"

அவர் றஹ்மாவிடம் திரும்பினார்.

"என்ன ராத்தா?"

"அழுறது நீதான்டா" என்றார் றஹ்மா. "உம்மா உன்னை அமத்துறா, அழாதயெண்டு."

"எங்க?"

மறுபடி போட்டார். அம்பிளிபயரை முழுதாகத் திருப்பினார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த 'ஷ்' எங்கள் காதை அரம்போல அராவியது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பக்கீர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இல்லை. உம்மாவின் சத்தம் அவருடைய வரைபடத்தின் பள்ளத்துக்குள் சரியாக விழுந்திருந்தது.

பிறகு மோட்டரை நிறுத்தி, உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். வேகம் குறைந்தால் நடுக்கமும் குறையும், மேல்சத்தம் கீழே இறங்கும். அதை அறிந்துதான் செய்தார். அழுகை மாடு கத்துவதுபோல இழுபட்டது. அதன் பின்னே பொம்மென்று ஒரு இரைச்சல்.

"இரிக்கு! கடல் இரையிற மாதிரி ஒண்டு இரிக்கு. இதா உம்மா?"

றஹ்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அது உம்மா இல்லடா. உம்மா இப்படி இல்ல."

பக்கீர் உருளையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது றம்ஸானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார், ஓட்ட ஆளில்லாமல்.

"சொல்லு வேணும் ஐசே. வெறும் மூச்சு எனக்குக் கேக்காது. ஆ, ஓ எண்டு ஒரு சொல்லு சொன்னா எனக்குக் கேக்கும். அது கீழ இரிக்கிற சத்தம். றம்ஸான்! நீ இந்தக் கம்பி ஆருக்காவது குடுத்தியாடா?"

றம்ஸான் யோசித்தான். "இறக்கக்கண்டில சஞ்சீவனுக்கு ஒண்டு குடுத்தனான் மாமா. போன பருவம்."

அப்போதே போக வேண்டும் என்றார். அவர்கள் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, நான் முச்சக்கரவண்டியில் பின்னால் போனேன்.

சஞ்சீவன் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்தான். கம்பி இருக்கிறது என்றதும் பக்கீருக்கு மூச்சு வந்தது. தரமாட்டேன் என்றதும் போனது.

"அது ராசிக் கம்பி ஐயா. மற்றக் கம்பியெல்லாம் போயிட்டுது, இது மட்டும் அறாமல் நிக்குது. என்ர கையால தரமாட்டன். வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"தம்பி, வீட்டுக் கலியாணத்துக்கு ஸ்பீக்கர் சும்மா கட்டித் தாறன்."

"எனக்கு மூண்டும் பெடியங்கள். கலியாணத்துக்கு இன்னும் இருபது வருசம் கிடக்கு. அதுக்கிடையில நீங்கள்…" அவன் முடிக்காமல் சிரித்தான்.

"சஞ்சீவன், அது மாமாட உம்மா" என்றான் றம்ஸான்.

"என்னது?"

றம்ஸான் தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னான். கம்பியில் குரல் இருக்கிறது, எழுபது வருடக் குரல், மாமா ஒருநாளும் கேட்டதில்லை. சஞ்சீவன் நம்பவில்லை. பிறகு பக்கீரின் முகத்தைப் பார்த்தான். படகுக்குள் ஏறி அந்தத் தூண்டிலை எடுத்துவந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் தாயின்ர குரலாலயே மீன் பிடிச்சனான்?" என்றான். அவனுக்கே கூசியதுபோலிருந்தது. "இந்தாங்கோ" என்று வெட்டுக் குறடை எடுத்து, நறுக்க, தூண்டிலுக்கு மேலே கம்பியில் வைத்தான்.

"வெட்டாத!" பக்கீர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த நாய்கள் எழுந்தன. "வெட்டாத தம்பி, அதுக்குள்ள அவ என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாவோ தெரியா."

றம்ஸான் மணலில் குந்தியிருந்து நகத்தாலேயே அவிழ்த்தான். பதிலுக்குப் புதுக்கம்பி ஒன்று முறுக்கிக் கொடுத்தான். சஞ்சீவன் அதை வாங்கி, பழையது எந்தப் பக்கம் தொங்கியதோ அந்தப் பக்கமே தொங்கவிட்டான்.

திரும்பும் வழி முழுவதும் பக்கீர் சட்டைப்பையைக் கையால் பொத்தியபடி வந்தார். அந்த வருடம் முழுவதும் அவர் ஒரு கையை அசைக்காமல் வைத்திருந்தது அந்தப் பயணத்தில் மட்டுமாகத்தான் இருக்கும்.

கம்பி ஓடியபோது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் ஐந்து என்றான். 'டக்'. விழுந்த வாளி உருளுகிற சத்தம். பிறகு ஒரு பெண், இளம் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெகு அருகில்:

"பேசாம இரிங்க… புள்ள எழும்பப் போறான்."

'டக்'. ஆறு.

நான் பக்கீரைப் பார்க்கத் துணியவில்லை. றம்ஸான் கேட்டான்: "கேட்டதா மாமா?"

அவர் திருப்பிப் போட்டார். மறுபடியும் போட்டார். வாய் மெல்ல அசைந்தது.

"எழும்பப் போறான்" என்றார். "எழும்பப் போறான் எண்டு சொல்றா. முதல்ல இரிக்கிறது விளங்கல்ல. இது விளங்குது." பிறகு றஹ்மாவிடம் திரும்பி, "ஆரு எழும்பப் போறான்?"

"நீதான்டா, வேற ஆரு? வாப்பா பெட்டியோட கத்திக் கத்தி உன்னை எழுப்பிட்டார். இப்பதான் ஞாபகம் வருது."

அப்போதுதான் கம்பிகளின் வரிசை எங்களுக்கு விளங்கியது. வாளி விழுந்தது, உம்மா சொன்னார், குழந்தை எழும்பி அழுதது, உம்மா அமத்தினார். நாங்கள் பின்னதை முன்னர் கேட்டிருந்தோம். றம்ஸான் அவற்றை அந்த ஒழுங்கில் ஒன்றோடொன்று முடிந்தான். வெள்ளைக்காரனை இடையிலிருந்து எடுத்துவிட்டான்.

பக்கீர் பெட்டியை ஓடவிட்டார். வாளி. "புள்ள எழும்பப் போறான்." அழுகை. அழுகை தணிகிற இடத்தில் அவர் ஸ்பீக்கரை விட்டுவிட்டு றஹ்மாவின் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, அவ அமத்துறது எப்ப எண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கோ."

றஹ்மா கையைத் தூக்கினார். எங்களுக்குக் கேட்டது. பக்கீர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த 'ஷ்' வந்தது, கை அசைந்தது. கம்பி ஓடி முடிந்து உருளை சும்மா சுற்றத் தொடங்கியபோது றஹ்மா கையை இறக்கினார். அதற்குப் பிறகுதான் பக்கீர் பெட்டியை நூர்த்தார்.